பிரீதர் குழாயும் ஊட்டிப் பனியும்

அப்பாவின் பழைய 350 சிசி பைக் நிற்கும் இடத்தில் எப்போதும் ஓர் அட்டை விரித்திருப்போம். எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவர் ஓரம் ஆயில் சொட்டும். மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்கப் போடும் கேஸ்கெட்டை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. "பழைய வண்டின்னா வேர்க்கத்தான் செய்யும் தம்பி" என்று சிரிப்பார் மெக்கானிக் அண்ணன்.

எனக்கு என்னவோ காற்றின் மேல்தான் சந்தேகம். சிலிண்டரின் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சிசி அளவுக்குக் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிப்பெட்டி, காற்றை அமுக்குகிறது, ஏறும்போது இழுக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 தடவை. ஒற்றை சிலிண்டர் என்பதால் ஈடுகட்ட இன்னொரு பிஸ்டனும் இல்லை. காற்று வெளியே மட்டும் போய், திரும்ப உள்ளே வராமல் இருந்தால் அழுத்தம் தணியும், ஆயிலும் அடங்கும். அதற்கென்றே, எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாயின் நுனியில், காற்றை ஒரு பக்கம் மட்டும் விட இருந்த வாத்துமூக்கு ரப்பர், தொட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

முதலில் மீன் தொட்டிக்குப் போடும் நான்-ரிட்டர்ன் (ஒருவழி) வால்வை மாட்டினேன். கஞ்சத்தனம்தான். துவாரம் சின்னது, காற்று போக வழியில்லை. ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பு போய்ச் சேர்வதற்குள் என் பேண்ட்டில் ஆயில். அப்புறம் பழைய இரும்புக் கடையில் கார் பிரேக் பூஸ்டரின் ஒருவழி வால்வு ஒன்று கிடைத்தது. வாயால் ஊதித் திசை பார்த்தேன். (பெட்ரோலில் கழுவிவிட்டு ஊதாதீர்கள். அன்று இரவுச் சாப்பாடு முழுக்க பெட்ரோல் ருசி.) எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வால்வு, அங்கிருந்து ஹோஸ், பின்னால் ஒரு பாட்டில். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போன துவாரத்தை அடைத்துவிட்டேன். ஐட்லிங்கில் ஹோஸ் நுனியில் உள்ளங்கையை வைத்தால், முன்பு தள்ளும், இழுக்கும். இப்போது தள்ளுவது மட்டும்தான்.

சொட்டு நின்றது. ஜனவரி வரை.

குளிரில் எஞ்சினுக்குள் வியர்க்கும் நீர் ஆயிலோடு கலந்து வெண்ணெய் மாதிரி திரளும். என் ஹோஸ் சீட்டுக்கு அடியில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. நீர் அங்கே தேங்கி, உறைபனி விழுந்த ஒரு காலையில் கட்டியாகி ஹோஸை அடைத்துவிட்டது. கிக்கர் அடித்த இரண்டாவது நிமிடம் டிப்ஸ்டிக் வழியாக ஆயில் பீறியது. வெந்நீர் ஊற்றித்தான் கரைத்தேன்.

இப்போது வால்வை டேங்குக்கு அடியில், உயரத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் தங்கும் ஆயில் எஞ்சினுக்கே வழியும். பின்னால் தங்குவது தொய்வில்லாமல் பாட்டிலுக்கு இறங்கும். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் வந்த பிறகு பாட்டிலில் இரண்டு ஸ்பூன் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். அட்டை காய்ந்தே கிடக்கிறது.

வேகம் கூடியதா என்று கேட்டால், இல்லை. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதே மூச்சிரைப்பு. பிளக் கருப்பாக இருக்கிறது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு; கார்புரேட்டருக்கு அது தெரியாமல் சமவெளி அளவுக்கே பெட்ரோலை ஊற்றுகிறது. அடுத்த ஞாயிறு, பெட்ரோல் பாயும் துவாரமான மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைக்கப் போகிறேன்.