லேபிளும் பப்ளிஷிங்கும்: காவேரிப்பட்டணத்தில் நாங்கள் தொடங்கிய விதம்

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒலிப்பதிவு ஒன்று, வரியும் மெட்டும் சேர்ந்த பாடல் இன்னொன்று. ஒலிப்பதிவை வெளியிட்டு நடத்துவது லேபிள், பாடலின் உரிமையைப் பார்த்துக்கொள்வது பப்ளிஷிங். புதிதாக லேபிள் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். நான் காவேரிப்பட்டணத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்து, மற்றவர்களுக்கு டிராக் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன். சொந்தமாக பாப் பாட்டு வெளியிட முடிவெடுத்தபோது லேபிளையும் பப்ளிஷிங்கையும் சேர்த்தே தொடங்கினேன். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வீட்டிலேயே நல்ல இசை செய்யும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்த்துத் தொடங்கியதற்குக் காரணம் அமெரிக்கரான பெர்ரி கார்டி. பாட்டெழுதி, தயாரிப்பாளராகி, அப்புறம் லேபிள் முதலாளி ஆனவர். 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்டில் அவர் தொடங்கிய லேபிள்தான் மோடவுன். பாடல் உரிமைகளை ஜோபீட் என்ற தனிக் கம்பெனியில் வைத்திருந்தார். 1988இல் லேபிளை 6.1 கோடி டாலருக்கு விற்றபோதும் ஜோபீட்டைக் கைவிடவில்லை. 1997இல் அதில் பாதியை மட்டும் விற்றார், கிடைத்தது 13.2 கோடி டாலர். இதைப் படித்த பிறகு பப்ளிஷிங்கைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனப் பதிவு சுலபம். ஆதாரும் பான் அட்டையும் இருந்தால், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்திலேயே கட்டணம் இல்லாமல் முடிந்துவிடும். அதைக் காட்டி வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கினேன். பெயருக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) விண்ணப்பம் போட்டேன்: ஒலிப்பதிவுகளுக்கு 9ஆம் வகுப்பு, இசைத் தயாரிப்புக்கும் பப்ளிஷிங்குக்கும் 41ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழியில் போட்டால் வகுப்புக்கு 4,500 ரூபாய்.

நாள் பிடித்தது ஒப்பந்தங்களுக்குத்தான். முதல் பாட்டு எருது விடும் விழாவைப் பற்றியது. வரி எழுதியவர் பர்கூர்ப் பக்கத்து நண்பர். பாடியவர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் தங்கை. பம்பைக்கு லூப், அதாவது முன்பே பதிவு செய்து விற்கும் தாளத் துண்டு, வாங்கிப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் பாட்டோடு நம் பாட்டு மோதும் என்பது ஒரு காரணம். அதைவிட, மரமும் பித்தளையுமாக அந்த இரண்டு மேளமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதை நேரில் கேட்டவனுக்கு லூப் காதில் ஒட்டாது. அதனால் எங்கள் ஊர்ப் பம்பைக்காரப் பெரியவரையே அழைத்து வந்தேன்.

அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை நீட்டினேன்.

"காசுதான் குடுத்துட்டியே தம்பி, அப்புறம் எதுக்குக் கையெழுத்து?" என்றார்.

"பாட்டு நாளைக்கு விளம்பரத்துக்குப் போனா உங்களுக்கும் பங்கு வரணும்ணா. அதுக்குத்தான்."

பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உரிய நிகழ்த்துநர் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் காகிதத்தில் இல்லாத பங்கை யாரும் தேடி வந்து தருவதில்லை. அவர் தன் மகனைக் கூப்பிட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் போட வேண்டும்.

பாடலாசிரியர் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இரண்டாவது, 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. உரிமையை வாங்குகிறவரோடு சமபங்கு அவர்களுக்கு உண்டு. வழக்கமான கணக்கு எழுதியவருக்கு 25, மெட்டமைத்தவருக்கு 25, பப்ளிஷருக்கு 50. எங்கள் விஷயத்தில் மெட்டும் என்னுடையது, கம்பெனியும் என்னுடையது. நண்பருக்கு வெறும் 25 என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பப்ளிஷர் பங்கில் பாதியை அவருக்கே எழுதிவிட்டேன்.

பல்லவியில் வரும் ஒரு அடி, ஊர் ஊராகத் திருவிழாவில் பாடுவது. அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை மரபுப்பாடல் என்றே காட்டி, எங்கள் வரிகளை மட்டும் எங்கள் பெயரில் பதிந்தோம்.

அடுத்தது ஐஎஸ்ஆர்சி. எழுத்தும் எண்ணும் கலந்து 12 குறிகள் கொண்ட, ஒலிப்பதிவுக்கான அடையாள எண் அது. கரோக்கி வடிவம் வெளியிட்டால் அதற்கு வேறு எண் வேண்டும். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரே எண் தருவார். பின்னாளில் விநியோகஸ்தரை மாற்றினாலும் பழைய எண்ணையே கொடுங்கள். இல்லாவிட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை கழன்றுவிடக்கூடும்.

பாடல் உரிமைக்கு ஐபிஆர்எஸ், பாடலுக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் அமைப்பு. 1969இல் தொடங்கிய சங்கம், 2017இல் காப்புரிமை (காப்பிரைட்) சங்கமாக மறுபடி பதிவானது. எழுதியவர், இசையமைத்தவர், பப்ளிஷர் என்று தனித்தனியாகச் சேர வேண்டும். இங்கே நண்பருக்கு நம் ஊர்ச் சிக்கல் வந்தது. வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. வங்கியில் பெயரைத் திருத்திய பிறகுதான் வேலை நகர்ந்தது. உங்கள் குழுவில் எல்லோருடைய பெயரையும் பாட்டு முடிவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வெளியிட்டதும் யூடியூப்பில் ஒரு நிறுவனம் எங்கள் பாட்டின் மேல் உரிமை கோரியது. அந்த மரபு அடியை அவர்களும் முன்பு பதிவு செய்திருந்தார்கள். மெட்டு பொருந்துகிறது என்று இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஊர்ச்சொத்துக்கு ஒருவர் உரிமை கேட்டது எனக்கு உண்மையிலேயே வலித்தது. இப்படி வந்தால் ஐந்து நாளுக்குள் மறுப்புப் போடுங்கள். முதல் நாளிலிருந்தே வருமானம் தனியாக நிறுத்தி வைக்கப்படும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். மரபுப்பாடல் என்றும், பாடியதும் வாசித்ததும் எங்கள் ஆட்கள் என்றும் எழுதினோம். கோரிக்கை விலகியது.

காப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்தோம். இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000.

இப்போது இரண்டாவது பாட்டு. ஓசூர்த் தங்கை ஒரு சரணம் எழுதியிருக்கிறார், அதனால் பங்கு மாறுகிறது. மைக்கைப் போடுவதற்கு முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து புதுக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.