நபி ஹாரூன் மலைக்கு ஒரு ஜியாரத்

பெட்ராவுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாறையில் செதுக்கிய கஸ்னா முகப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் மச்சானும் ஜோர்டானுக்குப் போனது நபி ஹாரூன் (அலை) அவர்களின் அடக்கஸ்தலத்தைச் சந்திக்கும் ஜியாரத்துக்காக.

காலையில் வாதி மூஸா ஊரில் ஐன் மூஸா ஊற்றில் பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். மூஸா (அலை) அவர்கள் கைத்தடியால் அடித்த பாறை இதுதான் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. தம்பி மூஸா நபியின் ஊற்று கீழே, அண்ணன் ஹாரூன் நபியின் அடக்கஸ்தலம் மலை மேலே.

மலைக்குப் போக நபாத்திய அரபிகளின் பழைய தலைநகரான பெட்ராவைக் கடக்க வேண்டும். சீக் என்கிற மலையிடுக்கு 1.2 கிலோமீட்டர். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். என் கண் ஓரத்துப் பாறையிலேயே இருந்தது. ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், மறுபக்கம் சுட்ட மண் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தடம். விரலை வைத்துப் பார்த்தேன், உள்ளே சுண்ணாம்புப் படிவு சொரசொரவென்று இருந்தது. ஐன் மூஸா தண்ணீர்தான் 2,000 வருஷத்துக்கு முன்பே இந்த வழியாக ஊருக்குள் போயிருக்கிறது. எனக்குக் கஸ்னாவைவிட இதுதான் பெரிய அதிசயம்.

அதற்காகக் கஸ்னாவைக் குறை சொல்ல முடியாது. சுமார் 40 மீட்டர் உயரம், மேலிருந்து கீழாகச் செதுக்கியது. உச்சியிலுள்ள கல் கலசத்தில் புதையல் இருக்கும் என்று பதூவிகள் (பாலைவன நாடோடி அரபிகள்) சுட்ட குண்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கி.பி. 106இல் ரோமர் கைக்குப் போன ஊர், 363இல் நிலநடுக்கம், அப்புறம் மெல்ல மெல்ல மறதி.

1812இல் புர்க்கார்ட் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் அரபி வேடத்தில் வந்தார். ஹாரூன் நபிக்கு ஆடு அறுப்பதாக நேர்ச்சை என்று சொல்லித்தான் வழிகாட்டியோடு உள்ளே நுழைந்தார். மலையடிவாரத்திலேயே பொழுது சாய்ந்துவிட, அடக்கஸ்தலம் கண்ணில் படுகிற இடத்தில் ஆட்டை அறுத்துவிட்டுத் திரும்பினாராம். ஐரோப்பா பெட்ராவை அறிந்தது இந்தச் சாக்கினால்தான்.

நாங்கள் ஏறினோம். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல். என் முழங்கால் வழியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. சற்றுக் கீழே, பின்லாந்து ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த பைசாந்திய மடாலயத்தின் சுவர்கள். உச்சியில் 14ஆம் நூற்றாண்டு வெள்ளைக் குப்பா, அதாவது குவிமாடம் வைத்த அடக்கஸ்தலம்.

கதவு பூட்டியிருந்தது. சரி என்று வாசற்படியில் உட்கார்ந்து ஸலாம் சொல்லி குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதினோம். மேற்கே வாதி அரபா பள்ளத்தாக்கு வெயிலில் வெளிறிக் கிடந்தது. மச்சான் பாட்டிலை நீட்டினார். அடியில் ஒரு வாய்தான் மிச்சம். பிஸ்மில்லாஹ் சொல்லி ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.