உருளைக்கிழங்கில் செருகிய எலுமிச்சைக் குச்சி: 51 நாள் குறிப்பு

1894இல் டேவிட் ஃபேர்சைல்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கோர்சிகா தீவுக்குப் போனார். அப்போது வயது 25. தோல் தடித்த எலுமிச்சை இனமான சிட்ரானைத் தன் நாட்டுக்கு அனுப்புவதுதான் வேலை. கேமராவோடு திரிந்தவரை ஒற்றன் என்று நினைத்துப் பிடித்து வைத்தார்கள். ஒருவழியாக வெளியே வந்தவர், போகிற வழியில் சிட்ரான் மரத்தில் சில குச்சிகளை ஒடித்தார், பச்சை உருளைக்கிழங்கில் செருகினார், வாஷிங்டனுக்குத் தபாலில் போட்டுவிட்டார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த உருளைக்கிழங்கு மட்டும்தான் நினைவில் நின்றது. குச்சி காயாமல் கிழங்கின் ஈரம் உண்மையிலேயே காக்குமா? என்னிடம் ஓர் எலுமிச்சை மரம் உண்டு. விதை போட்டு வளர்ந்த கன்றுகளும் பென்சில் கனத்துக்கு வந்திருந்தன. சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் சுற்றைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கிழங்குகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன். 9ஆம் நாள் திறந்தபோது வந்த நாற்றத்தில் டப்பாவையும் சேர்த்தே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

இரண்டாம் சுற்று, நாள் 1: 12 குச்சிகள். இலைகளைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் விட்டேன், ஏனென்றால் தண்ணீரை இழப்பது பெரும்பாலும் இலைதான். நான்கு குச்சிகள் கிழங்கில், நான்கு ஈரத்துணியில், நான்கு வெறும் காகிதத்தில். கிழங்கில் துளை குச்சியைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். குச்சி இறுக்கமாக உட்காரும். எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் வைத்து, காற்றுக்கு நாலைந்து ஓட்டை போட்டு, இருட்டில் வைத்தேன்.

நாள் 7: காகிதக் குச்சிகள் சுருங்கிவிட்டன. பட்டையைக் கீறினால் உள்ளே பழுப்பு.

நாள் 14: துணியில் இரண்டுக்குப் பூஞ்சணம். கிழங்குக் குச்சிகள் நான்கும் பச்சை. ஒரு கிழங்கு மட்டும் தானே முளைவிட ஆரம்பித்திருந்தது. அதன் பயணம் தனி!

நாள் 21: ஒரு கிழங்கு அழுகியதில் அதன் குச்சியும் போயிற்று. மிச்சம் கிழங்கில் மூன்று, துணியில் இரண்டு. வித்தியாசம் நான் எதிர்பார்த்த அளவு பெரிதில்லை. ஆனால் துணியை நான் மூன்று முறை நனைத்தேன், கிழங்கைத் தொடவே இல்லை. கப்பலில் போகிற பார்சலை யார் வந்து நனைப்பார்கள்? கிழங்கின் அருமை அங்கேதான் புரிந்தது.

அன்றே மொட்டு கட்டினேன், அதாவது குச்சியின் மொட்டைக் கன்றில் ஒட்டவைத்தேன். கன்றின் பட்டையில் டி வடிவத்தில் கீறி, குச்சியிலிருந்து சீவிய மொட்டை உள்ளே நுழைத்து நாடாவால் சுற்ற வேண்டும். கன்றின் பட்டை எளிதில் கழன்று வரும் பருவம் அவசியம். கிழங்குக் குச்சிகளிலிருந்து ஆறு மொட்டுகள். துணிக் குச்சிகளைச் சீவும்போது கெடுத்துவிட்டேன், கைப்பழக்கம் போதவில்லை.

விதையாகக் கொண்டுபோகாமல் மொட்டுக் குச்சியாகக் கொண்டுபோவதில் இன்னொரு லாபம்: தாய் மரத்தின் குணம் அப்படியே வரும். அவகாடோ விதை போட்டால் தாய் மாதிரி காய்க்கும் என்று சொல்ல முடியாது. 1911இல் கலிஃபோர்னிய நாற்றுப் பண்ணை ஒன்றின் ஊழியர் கார்ல் ஷ்மிட் மெக்சிகோவின் அட்லிக்ஸ்கோவில் நல்ல அவகாடோ மரங்களைத் தேடி மொட்டுக் குச்சிகளைத்தான் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார். அதில் வந்த ஒன்று 1913ஆம் ஆண்டுக் கடுங்குளிரைத் தாங்கி நின்றதால் ‘ஃபுவெர்த்தே’ என்று பெயர் பெற்றது. ஸ்பானிய மொழியில் பலசாலி என்று பொருள்.

ஆனால் குணம் வருகிற அதே வழியில் நோயும் வரும். அமெரிக்க அரசுக்காகச் செடி சேகரித்த பிராங்க் மேயர் 1908இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை அவர் பெயராலேயே பரவியது. பல மரங்கள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் டிரிஸ்டெசா வைரஸைச் சுமந்தது பின்னால்தான் தெரிந்தது. ஏராளமான மரங்களை அழித்தார்கள். வைரஸ் இல்லாத மேயர் ரகம் 1975இல்தான் வெளிவந்தது. ஆகவே ஃபேர்சைல்டின் கிழங்கு வித்தையைச் சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் செய்யுங்கள். எல்லை தாண்டிக் குச்சியை ஒளித்துக் கொண்டுபோகிற வேலை வேண்டாம்.

நாள் 36: நாடாவைப் பிரித்து மொட்டின் காம்பை விரலால் தொட்டேன். தொட்டதும் காம்பு உதிர்ந்தால் மொட்டு கன்றோடு சேர்ந்துவிட்டது என்று பொருள், காம்பு வாடி ஒட்டியபடியே இருந்தால் போச்சு. இரண்டில் காம்பு உதிர்ந்தது. நான்கு போச்சு. அந்த இரண்டு கன்றுகளிலும் மொட்டுக்குச் சற்று மேலே தண்டை வெட்டினேன். அப்புறம் தினமும் காலையில் போய்ப் பார்ப்பதே வேலை. ஒரு வாரம் ஒன்றுமில்லை.

நாள் 51: ஒன்றில் அரை விரல் நீளத்துக்குத் தளிர். மற்றது இன்னும் பச்சைப் புள்ளிதான்.

அடுத்ததாகக் கண்ணாடிப் பாட்டிலில் மண் போட்டு, கொஞ்சம் ஈரமாக்கி, எலுமிச்சை விதை ஊன்றி மூடி வைத்திருக்கிறேன். லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு கண்ணாடிப் பெட்டியில் செடி அனுப்பிய முறை அது. அதே மாதிரிப் பெட்டியில் தேயிலை விதையைத் தூவி, பயணத்திலேயே முளைக்க வைத்து ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பினார். என் பாட்டிலின் உட்சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.