மலை தெரியாத நாட்கள்

ஜூன் 17
மேகம். மலை தெரியவில்லை. அம்மா மூன்று மணிக்கே எழுந்துவிட்டாள்.

ஜூன் 18
அமெரிக்காவின் டகோமா ஊருக்கு வந்து நாலு மாதமாகிறது. ரெய்னியர் மலையை முழுசாகப் பார்த்தது பத்து தடவைகூட இருக்காது. 1947 ஜூன் 24 அன்று வானம் துல்லியமாக இருந்ததாம். பிற்பகல் மூன்று மணி, கென்னத் அர்னால்ட் தன் சின்ன விமானத்தில் தனியாக. மலைப்பக்கம் பளீர் பளீரென்று ஒன்பது பொருட்கள். ரெய்னியரிலிருந்து ஆடம்ஸ் மலையைத் தாண்ட 1 நிமிடம் 42 நொடி. கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறார். மணிக்கு 1,200 மைலுக்குக் குறையாது; அன்றைக்கு எந்த விமானமும் அப்படிப் பறந்ததில்லை. குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி அசைவு. அவர் அசைவைச் சொன்னார். பத்திரிகைகள் பறக்கும் தட்டு ஆக்கிவிட்டன.

ஜூன் 19
"சன்னல்கிட்ட ரெண்டு பிள்ளைங்க நிக்குதுடா."
யாரும் இல்லையேம்மா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 21
தூக்கமில்லை. ராணுவம் அனுப்பிய அந்த இரண்டு பேர்: கேப்டன் டேவிட்சன், லெப்டினென்ட் பிரௌன். 1947 ஜூலையில் அர்னால்டின் ஊரான பாய்சி வரை போய் அவரை உட்காரவைத்துக் கேட்டார்கள். பார்த்ததாகச் சொன்னதை இவர் உண்மையிலேயே பார்த்தார் என்பது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரௌன் எழுதினார். ராணுவ அறிக்கையில் 'சொந்த அபிப்பிராயம்'! எவ்வளவு பெரிய மனசு. அம்மாவிடம் 'யாரும் இல்லையே' என்று சொல்ல நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 22
கண் டாக்டர் தேதி தள்ளிப்போய்விட்டது.

ஜூன் 24
மலை தெரிந்தது! அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தேன். "வெள்ளையா என்னமோ இருக்கு" என்றாள்.
அந்தப் பனிக்குள் 32 பேர் இருக்கிறார்கள். 1946 டிசம்பரில் விழுந்த மெரீன் வீரர்களின் விமானம். அதைத் தேடித்தான் அர்னால்ட் மலைப்பக்கம் திரும்பினார். கண்டுபிடித்தால் 5,000 டாலர் சன்மானம். அடுத்த மாதமே சிதைவுகள் கிடைத்தன, உடல்களைக் கீழே கொண்டுவர முடியவில்லை. தட்டைப் பேசுகிறவர்கள் இவர்களைப் பேசுவதே இல்லை. மனசு ஆறவில்லை.

ஜூன் 25
மறுபடி மேகம்.

ஜூன் 26
1947 ஆகஸ்ட் 1, விடியுமுன், இங்கே பக்கத்திலிருக்கும் மெக்கார்டு விமானத் தளத்திலிருந்து பிரௌனும் டேவிட்சனும் ஏறிய பி-25 ராணுவ விமானம் கெல்சோ அருகே விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள். வேறொரு புகாரை விசாரிக்க வந்திருந்தார்கள். அர்னால்ட் கோப்பில் பின்னால் வந்தவர்கள் 'கானல்' என்று எழுதினார்கள். 1969-இல், இப்படிப்பட்ட புகார்களை விசாரித்த விமானப்படையின் புளூ புக் திட்டம் முடிந்தபோது 12,618 புகார்களில் 701-க்கு விளக்கம் இல்லை. அந்த 701-இல் அவர் இல்லை.
பிரௌன் உயிரோடு இருந்திருந்தால்?

ஜூன் 28
நோட்டோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.
எத்தனை பேர்? "ரெண்டு."
உயரம்? "சன்னல் விளிம்பு வரைக்கும்."
பாவாடை என்ன நிறம்? "நீலம். மூத்ததுக்கு ஓரத்துல ஜரிகை."
பேசுமா? "ம்ஹூம். பாத்துக்கிட்டே நிக்கும்."
எவ்வளவு நேரம்? "நான் தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும்."
சொன்னது சொன்னபடி எழுதினேன்.
"இதை டாக்டர்கிட்ட காட்டுவியா?"
காட்டுவேன் என்றேன்.
"ஜரிகைய விட்டுறாத."

ஜூன் 29
மூன்று மணி. அம்மா கூப்பிடுகிறாள். நோட்டு எங்கே வைத்தேன்