படுதாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியமும் ஆல்ரவுண்டு என்கிற தாளக்காரரும் வேறோர் ஊர். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இரவு பத்து மணிக்குக் கொட்டகையில்தான் முகமே பார்த்துக்கொள்வார்கள். விடியும்வரை வள்ளி திருமணம் ஓட வேண்டும். சம்பளப் பாக்கி, குடித்துவிட்டு மேடையோரம் நிற்கும் ஆள், இழுக்கிற பபூன் என்று பேச ஆயிரம் இருக்கும். காசு கொடுத்த ஊர்க்காரர்களோ கூப்பிடு தூரத்தில். அதனால் தங்களுக்குள் மட்டும் புரிகிற பேச்சு ஒன்று வேண்டும்.

பிள்ளைகளின் ‘க’ பாஷை இதற்கு ஆகாது. ‘கநீ கவா’ என்றதுமே ஏதோ ஒளிக்கிறார்கள் என்று தெரிந்துபோகும். நல்ல குழூஉக்குறியில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஊர்த் தமிழாகவே இருக்கும். ஒன்றிரண்டு சொல் மட்டும் மாறும். ஆள், காசு, போலீஸ், சரக்கு, நல்லது, இல்லை, பிறகு எண்கள்: முப்பது நாற்பது சொல் இருந்தால் ஓர் இரவை ஓட்டலாம்.

இங்கிலாந்தில் நாடகக்காரர்களும் கப்பல் பணியாட்களும் தன்பாலின ஆண்களும் பேசிய போலாரியும் இதே கட்டுமானம்தான். இலக்கணம் ஆங்கிலம்; சொற்கள் இத்தாலியம், ரொமானி, யித்திஷ் என்று கலவை. ‘வாடா’ என்றால் பார் (நம் காதுக்கு யாரையோ கூப்பிடுவது போலிருக்கும்). ‘போனா’ நல்லது, ‘ஓமி’ ஆண், ‘நான்ட்டி’ இல்லை. ஹேர் என்பதன் எழுத்துகளைத் திருப்பினால் ‘ரியா’. ஃபேஸைத் திருப்பி, வாலையும் நறுக்கினால் ‘ஈக்’. போலீஸ் ‘லில்லி லா’. எண்களில் ஆறு ‘சே’. ஏழு ‘சே ஊனி’, அதாவது ஆறும் ஒன்றும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் சொல்லால் அல்ல, கண்ணால். யாரைப் பற்றிப் பேச்சோ அவரைத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். குரலைத் தாழ்த்துவது அடுத்த தப்பு. விலை விசாரிக்கிற குரலிலேயே சொல்ல வேண்டும். ஒரே வாக்கியத்தில் ஐந்தாறு சொல் திணித்தால் டீக்கடைக்காரருக்கே பொருள் பிடிபடும். பிடிபட்ட சொல்லை அன்றோடு விட்டுவிட வேண்டியதுதான்.

போலாரிக்கு நேர்ந்ததும் அதுதான். 1965 முதல் 1968 வரை பிபிசி வானொலியின் ‘ரவுண்ட் த ஹார்ன்’ நகைச்சுவையில் ஜூலியன், சாண்டி என்ற இரு பாத்திரங்கள் அதைப் பேச, வீட்டுக்கு வீடு அர்த்தம் தெரிந்துபோயிற்று. இடையே 1967இல், 21 வயது நிரம்பிய ஆண்கள் தங்களுக்குள் தனிமையில் உறவு கொள்வது குற்றமல்ல என்று இங்கிலாந்து, வேல்ஸில் சட்டம் வந்தது. ஒளிக்கும் தேவையும் குறைந்தது. எழுபதுகளில் பேச்சு தேய்ந்தது.

நம் ஊரில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 377 தளர்ந்தது 2018இல்தான். திருநங்கையருக்குள் புழங்கும் பாஷைக்கு இன்னும் வேலை இருக்கிறது. மூத்தவரைக் கண்டால் சொல்லும் ‘பாம்படுத்தி’ ஏற்கெனவே அச்சேறிவிட்ட சொல். மற்றவற்றுக்கு இங்கே பட்டியல் போடவில்லை, கொட்டகைச் சொற்களுக்கும்தான்.