மூன்று படி, நான்கு மாதம்: டேப் டான்ஸ் பழகும் கதை

டேப் டான்ஸ் பழகப்போகிறேன் என்றதும் அம்மா சமையலறைக் குழாயைப் பார்த்தார். ஷூவின் அடியில் தகடு வைத்துத் தரையில் தாளம் தட்டுவது என்று விளக்கினேன். "அதுக்கு எதுக்குடா ஷூ? வெறுங்கால் போதாதா?" என்றார். பதில் தெரியாமலேயே ஆரம்பித்தேன்.

ஆசை வந்தது 'தி லிட்டில் கர்னல்' படத்தால். 1935இல் வந்தது. மாடிக்குத் தூங்கப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சிறுமிக்கு, பட்லராக வரும் பில் ராபின்சன் படிகளில் ஆடிக்கொண்டே ஏறிக் காட்டுவார். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சிறுமியாக வரும் ஷெர்லி டெம்பிளும் ஆடுவாள். அவருக்கு அப்போது 56 வயது, அவளுக்கு 6. கறுப்பின ஆணும் வெள்ளைக்காரச் சிறுமியும் கைகோத்து ஆடுவதா என்று அமெரிக்கத் தென் மாநிலங்களில் அந்தக் காட்சியையே வெட்டிவிட்டுத் திரையிட்டார்கள். அந்த ஆட்டத்தில் ஓர் எட்டு எண்ணிக்கை, அதாவது ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணும் அளவு ஆட்டம், எனக்கு வந்தால் போதும் என்று தொடங்கினேன்.

முதல் மாதம் முழுக்க ஷூவிலேயே போனது. பழைய தோல் ஷூவைத் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து முன்னாலும் பின்னாலும் லாடம் அடிக்கச் சொன்னேன். "குதிகாலுக்கு அடிப்பாங்க தம்பி, விரல்பக்கம் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடித்துக் கொடுத்தார். வீட்டு மொசைக் தரையில் நான்கே தட்டு, ஐந்தாவதில் வழுக்கி உட்கார்ந்தேன். இரும்பு லாடம் வழுக்கும், ஓசையும் செத்துப்போய் வரும். அப்புறம்தான் அலுமினியத் தகடு வாங்கித் திருகாணி போட்டேன். திருகாணியை இறுக்கினால் ஓசை கூர்மை, கொஞ்சம் தளர்த்தினால் சலசலப்பு. ராபின்சன் அணிந்ததோ மரத்தால் செய்த அடிப்பாகம். அவர் காலடி உலர்ந்து, சுத்தமாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து போனபின் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தேன். முக்கால் இஞ்ச் பிளைவுட்டை நேராக சிமென்டில் போட்டால் 'பொத்' என்றது. அடியில் ரீப்பர் கட்டைகளைக் கொடுத்துத் தூக்கி வைத்ததும் பலகை பேச ஆரம்பித்தது.

இரண்டாவது மாதம்தான் உண்மையான சோதனை. ஷஃபிள் என்பது பாதத்தின் முன்பகுதியால் தரையை முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை உரசுவது. இரண்டு ஓசை, அவ்வளவுதான். எனக்கு ஒன்றரைதான் வந்தது. செல்போனில் பதிவு செய்து கேட்டால் யாரோ சட்டியை உருட்டுவதுபோல் இருந்தது. முழங்காலிலிருந்து உதைத்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் துணிபோலத் தொங்க வேண்டும், முழங்கால் சும்மா தூக்கிக்கொடுக்க வேண்டும். இதற்குக் கைகொடுத்தவர் சிறுவயதில் பரதம் படித்த அக்கா. "வாயால சொல்லிட்டுக் கால் போடு" என்றார். ஷஃபிளோடு ஓர் அடி வைத்தால் ஷஃபிள்-ஸ்டெப், மூன்று ஓசை: தகிட. ஷஃபிளோடு எடையைக் கால் மாற்றி இரண்டு தட்டு தட்டினால் ஷஃபிள்-பால்-சேஞ்ச், நான்கு: தகதிமி. வாயில் வராதது காலில் வரவில்லை. ஆனால் அக்காவே ஷூ போட்டு ஆடிப் பார்த்தபோது பலகை அதிர்ந்தது. பரதத்தின் தட்டடவில் பாதம் முழுதும் அழுந்தி இறங்கும், இதிலோ தொட்டவுடன் விலகிவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஷூவைக் கழற்றிவிட்டார்.

என் பதிவையும் படத்தின் ஓசையையும் மாற்றி மாற்றிக் கேட்டு நொந்துபோயிருந்த சமயத்தில்தான் ஒன்று தெரியவந்தது. அந்தக் காலத்து இசைப்படங்களில் காலடி ஓசையைப் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பிறகு தனியாக ஆடி, பதிவு செய்து சேர்ப்பார்களாம். நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸின் காலடிகளைப் பல படங்களில் தட்டிக் கொடுத்தவர் நடன அமைப்பாளர் ஹெர்மீஸ் பான். 1952இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தில் ஜீன் கெல்லி குடையோடு மழையில் குதிப்பாரே, அந்த ஈரத்தில் அப்படிக் கணீரென்று கேட்குமா? அதுவும் பிறகு சேர்த்ததுதான். நான் மொட்டை மாடிக் காற்றில், செல்போன் மைக்கை வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஓசை இப்படி என்றால், கண்ணுக்கு நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் படங்கள்தான் நல்ல வாத்தியார். தலைமுதல் கால்வரை சட்டகத்துக்குள் தெரிய வேண்டும், அதிகம் வெட்டக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம். பாதி வேகத்தில் ஓடவிட்டால் எந்தக் காலில் எடை இருக்கிறது என்பதுவரை தெரிகிறது. டேப் ஆடும் நிக்கலஸ் சகோதரர்கள் 1943இல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தில் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டி, கால்களை விரித்தபடி படிகளில் விழுந்து எழும் காட்சியையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி. எனக்கு இடுப்பு ஒன்றுதான் இருக்கிறது.

மூன்றாவது மாதம் ஆசாரியிடம் சொல்லி மூன்று படி வைத்த மரப்படிக்கட்டு ஒன்று செய்து வாங்கினேன். கூலியோடு 2,800 ரூபாய். பழனி முருகனுக்கா என்று கேட்டார்.

தரையில் வந்த ஷஃபிள் படியில் வரவில்லை. ஏறும்போது எடை முன்னால் போய்விடுகிறது, உரசக் கால் மிச்சமில்லை. மூன்று வாரம் இதிலேயே கழிந்தது. வழி காட்டியது ஷெர்லி டெம்பிள். தன் ஆட்டத்தை அப்படியே சொல்லித்தர நேரம் போதாது என்று கண்ட ராபின்சன், படியின் நிமிர்ந்த பக்கத்தைக் கட்டைவிரல் நுனியால் இடித்துவிட்டு ஏறு என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தாராம். தன் அடிகளையும் அவளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். இடி, ஏறு. ஒரு கூடுதல் ஓசை சும்மா கிடைத்துவிடுகிறது! அன்றைக்கு மாலையே மூன்று படியும் தாளம் தப்பாமல் ஏறினேன். ஆறு வயதுப் பிள்ளைக்கான குறுக்குவழி என்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்போது நிலவரம்: ஏற்றம் பத்துக்கு ஏழு முறை சரியாக வருகிறது. இடது கால் இன்னும் அரைத் தட்டு தாமதம். எட்டு எண்ணிக்கையில் ஆறு வந்துவிட்டது, மீதி இரண்டும் இறக்கத்தில் இருக்கின்றன. இறங்கும்போது இடிக்க எதிரே படி கிடையாது. முதல்முறை இறங்கியதில் வலது ஷூவின் தகடு கழன்று பக்கத்து வீட்டு வடகத்தில் போய் விழுந்தது. தகடு கிடைத்துவிட்டது, ஒரு திருகாணியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.