சூடு என்றுதான் நினைத்தோம்

குடியாத்தத்திலிருந்து அக்கா போன் செய்தாள். மகனுக்குத் தொண்டை வலி, கூடவே சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகிறதாம். வயது 24. சர்க்கரை இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. சூடு என்று இளநீரும் வெள்ளரிப் பிஞ்சும் கொடுத்திருக்கிறாள். வேலூர்ப் பக்கத்து வெயிலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் தெரிந்தது ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய். 1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜே என்ற மருத்துவர் எடுத்துச் சொன்னது. தொண்டையையும் குடலையும் காக்க உடம்பு செய்கிற ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சற்றே பிசகி உருவாகிறது. அதை அந்நியன் என்று நினைத்து உடம்பே இன்னொரு எதிர்ப்புப் புரதத்தை ஏவுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் வடிகட்டும் நுண்சல்லடைகளில் போய்ப் படிகின்றன. அங்கே அழற்சி, அப்புறம் தழும்பு. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் சல்லடைகள், தழும்பானது திரும்பாது. பெரும்பாலும் வலியே தெரியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நுரையோ நிறமோ மாறினால் உடனே ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

நல்லவேளை, அவனுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இன்னும் ஏறவில்லை. பிரஷர் மாத்திரை, உப்புக் குறைப்பு, அவ்வப்போது சிறுநீரில் புரத அளவு பார்ப்பது. நேற்றுப் போனபோது அக்கா ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டிருந்தாள்.